மருந்துப் பையும் மாடிப்படியும்: இண்டியானாபொலிஸ் ‘கிரேஸ்’ திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வயதானவர் கையோடு இரண்டு பொருள் வரும். ஒன்று மருந்துப் பை, மற்றொன்று டிஸ்சார்ஜ் சம்மரி. பையை உடனே பிரித்துவிடுவார்கள். சம்மரியை ஒருவரும் படிப்பதில்லை. அடுத்த முறை அட்மிட் ஆகும்போது டாக்டர் கேட்பார் என்று பீரோவுக்குள் பத்திரமாக வைப்பார்கள். அப்படி ஒரு ‘அடுத்த முறை’ உண்டு என்பது அன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

நம் குடும்பங்களில் இந்த இடைவெளியை அடைப்பது பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், பழைய பிரஷர் மாத்திரையைத் தொடர வேண்டுமா நிறுத்த வேண்டுமா, அடுத்த செக்கப் என்றைக்கு, எந்த ஆட்டோவைக் கூப்பிடுவது, எல்லாம் அவர் தலையில். சம்பளமும் இல்லை, அதை ஒரு வேலை என்று யாரும் சொல்வதும் இல்லை. மருத்துவ உலகில் இதற்கு ‘ஒருங்கிணைந்த பராமரிப்பு’ என்று பெயர். அப்படி ஒரு மகளும் இல்லாத, கையில் காசும் இல்லாத, உடம்பும் தளர்ந்துபோன முதியவருக்கு அந்த வேலையைச் செய்ய ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸ்.

அந்தத் திட்டத்தின் பெயர் ‘கிரேஸ்’. முதியோரின் நிலையை மதிப்பிட்டுப் பராமரிப்பதற்கான வளங்கள் என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இண்டியானா பல்கலைக்கழகத்தின் முதியோர் மருத்துவர் ஸ்டீவன் கவுன்சலும் அவருடைய குழுவும் வடிவமைத்தது. பலன் தந்த இடம், தராத இடம் இரண்டையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள் என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

பிரச்சினையின் அளவு

அமெரிக்காவில் 65 வயது கடந்தவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு காப்பீடு உண்டு. ஆகவே மருத்துவமனைச் செலவுக்குப் பணமில்லாமல் முதியவர் திண்டாடுவது அங்கே முதல் பிரச்சினை இல்லை. படுக்கையை விட்டு எழுந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஸ்டீபன் ஜெங்க்ஸ் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் மெடிகேரின் 2003-2004 பில்களை ஆராய்ந்து 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆனவர்களில் 19.6 சதவீதம் பேர் 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆகியிருந்தார்கள். 90 நாளுக்குள் 34 சதவீதம். அறுவைச் சிகிச்சை அல்லாத காரணத்துக்குப் படுத்து, ஒரு மாதத்துக்குள் திரும்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, இடைப்பட்ட நாட்களில் எந்த டாக்டரையும் கிளினிக்கில் பார்த்ததற்கான பில்லே இல்லை.

இதில் அந்தக் கடைசி எண்தான் என்னை உறுத்துகிறது. மருத்துவமனை வாசலுக்கும் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கும் நடுவில் ஆள் காணாமல் போகிறார். பிறகு ஆம்புலன்ஸில்தான் தென்படுகிறார்.

யாரைச் சேர்த்தார்கள்

விஷார்ட் என்பது இண்டியானாபொலிஸின் பொது மருத்துவமனை. 19ஆம் நூற்றாண்டில் நகர மருத்துவமனையாகத் தொடங்கி, ஏழைகளைத் திருப்பி அனுப்பாத இடமாக நிலைத்த நிறுவனம். (2013இல் புதுக் கட்டிடத்துக்கு மாறி, இப்போது எஸ்கெனாசி என்ற பெயரில் இயங்குகிறது.) நகரின் குடியிருப்புப் பகுதிகளில் அதற்குக் கிளை கிளினிக்குகள் உண்டு. 2002 ஜனவரி முதல் 2004 ஆகஸ்டு வரை, அந்தக் கிளினிக்குகளுக்கு வரும் 951 பேரைச் சேர்த்தார்கள். வயது 65 அல்லது அதற்கு மேல். வருமானம் மத்திய அரசின் வறுமை வரம்பைப்போல் இரு மடங்குக்குள் இருக்க வேண்டும். 2002இல் தனி நபருக்கு அந்த வரம்பு 8,860 டாலர். இரு மடங்கு என்றால் ஆண்டுக்கு 17,720 டாலர். நம் கணக்கில் பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் மெடிகேர் அப்போது வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளுக்குப் பணம் தரவில்லை. அந்த வசதி 2006 ஜனவரியில்தான் வந்தது. வாடகை, குளிர்காலத்து எரிவாயு பில், மாத்திரை என மூன்றில் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டிய வருமானம் அது.

சராசரி வயது 72. நான்கில் மூன்று பேர் பெண்கள். கறுப்பினத்தவரே பெரும்பான்மை. ஏறக்குறைய பாதிப் பேர் தனியாக வாழ்ந்தவர்கள்.

யாருக்குத் திட்டம், யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். குலுக்கிப் போட்டது நோயாளிகளை அல்ல, அவர்களுடைய டாக்டர்களை. ஒரே டாக்டரிடம் இரண்டு வகை நோயாளிகளும் இருந்தால், திட்டத்தில் கற்றதை மற்றவர்களிடமும் அவர் பயன்படுத்திவிடுவார், ஒப்பீடு கெட்டுப்போகும். சின்ன விஷயம்தான், ஆனால் ஆய்வைக் கவனமாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. இப்படி 474 பேர் திட்டத்துக்குள் வந்தார்கள், 477 பேர் வெளியே.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த முதல் சோதனையில் சேரவேண்டும் என்றால் டிஸ்சார்ஜ் ஆகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை கிடையாது. மருத்துவமனைக்குப் போய் வந்தால் என்ன செய்வது என்பது திட்டத்துக்குள் ஓர் அங்கம். டிஸ்சார்ஜ் ஆனவர்களை மட்டும் குறிவைத்த வடிவம் பின்னால் வந்தது. அதைப் பிறகு பார்க்கலாம்.

இருவர் வீட்டுக்கு வருகிறார்கள்

திட்டத்தின் அச்சாணி இரண்டு பேர். ஒருவர் நர்ஸ் பிராக்டிஷனர்: மேற்படிப்பு முடித்த, நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் தகுதியுள்ள செவிலியர். மற்றவர் சமூகப் பணியாளர். இவர்கள் நோயாளியின் வீட்டுக்கே போய் முழு மதிப்பீடு செய்வார்கள். அப்புறம் ஒரு மேசை. முதியோர் மருத்துவர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், மனநலச் சமூகப் பணியாளர், ஊரிலுள்ள உதவிச் சேவைகளை அறிந்த ஒருவர் ஆகியோர் அதைச் சுற்றி உட்காருவார்கள். வீட்டில் பார்த்ததை இருவரும் அங்கே சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் தயாராகும். அதை எடுத்துக்கொண்டு போய் நோயாளியின் சொந்த டாக்டரிடம் பேசி, அவர் மாற்றச் சொல்வதை மாற்றி, சம்மதம் வாங்கி, அதற்குப் பிறகே செயல்படுத்துவார்கள்.

டாக்டரை ஒதுக்கிவிட்டு யாரும் மருந்தை மாற்றவில்லை. இந்த மாதிரித் திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். வெளியிலிருந்து ஒருவர் போன் போட்டு ‘உங்கள் நோயாளிக்கு இதைச் செய்யுங்கள்’ என்றால் எந்த டாக்டருக்கும் எரிச்சல் வரும். தெரிந்த முகம் நேரில் வந்து, ‘நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன், டாக்டர்’ என்று ஆரம்பித்தால் பேச்சின் போக்கே வேறு.

எதைத் தேட வேண்டும் என்பதற்கு 12 வழிகாட்டு நெறிகள் இருந்தன. மருந்து நிர்வாகம், நடைத் தடுமாற்றமும் விழுதலும், நீடித்த வலி, சிறுநீர் அடக்க முடியாமை, மனச்சோர்வு, மறதி நோய், காது மந்தம், பார்வைக் குறைவு, உடல் மெலிதல், கவனித்துக்கொள்பவரின் சுமை, தடுப்பூசி முதலான நலக் காப்பு, கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வைப்பது. இதில் மாரடைப்பும் சர்க்கரையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றுக்கு ஏற்கெனவே டாக்டர் இருக்கிறார். டாக்டரின் பத்து நிமிடத்தில் யாரும் கேட்காத விஷயங்களின் பட்டியல் இது. சிறுநீர் கசிகிறது என்று எந்தப் பாட்டி தானாக வாய் திறந்து சொல்லியிருக்கிறார்?

மாதம் ஒரு தடவையாவது தொடர்பு. அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ மருத்துவமனைக்கோ போய் வந்தால் வீட்டுக்கு நேரில் வருகை. ஆண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு. இப்படி இரண்டு ஆண்டுகள். விஷார்டில் மின்னணு மருத்துவப் பதிவேடு 1970களிலிருந்தே இருந்ததால், யார் அட்மிட் ஆனார், யார் வீடு திரும்பினார் என்பதை உடனுக்குடன் பார்க்க முடிந்தது. இந்த வசதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதே தெரியாவிட்டால் எந்த ஒருங்கிணைப்பாளரும் பிரயோஜனமில்லை.

ஒரு கற்பனைப் பாட்டி

எண்களுக்குப் போகும் முன் ஓர் உதாரணம். ஆள் கற்பனைதான். அவருக்கு நேர்வதெல்லாம் முதியோர் மருத்துவத்தில் தினமும் பார்க்கிற விஷயங்கள்.

வயது 74, தனியாக இருக்கிறார். இதயம் பலவீனம், சர்க்கரை, முழங்கால் வலி. மூச்சுத் திணறலோடு அட்மிட் ஆகி, உடம்பில் தேங்கிய நீரை வடியவைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சம்மரியில் நீர் பிரிய ஃபுரோசிமைடு, உப்பைக் குறைக்கவும், ஒரு வாரத்தில் டாக்டரைப் பார்க்கவும். எல்லாம் சரியான அறிவுரை. மூன்று வாரத்தில் மறுபடி திணறல். கோப்பில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதுவார்கள்.

இப்போது அதே வீட்டுக்குள் அந்த இருவர் போகிறார்கள். கழிப்பறை மாடியில் இருக்கிறது. ஃபுரோசிமைடு போட்டால் அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். முழங்கால் வலியோடு பதின்மூன்று படி. அதனால் வெளியே கிளம்பும் நாளிலெல்லாம் மாத்திரையை விட்டுவிடுகிறார், கிளம்பாத நாளிலும் பாதி நாள் விடுகிறார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய ஐபுப்ரோஃபென் சாப்பிடுகிறார். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், ஃபுரோசிமைடின் வேலையையும் கெடுக்கும். இரவில் தூக்கம் வரவில்லை என்று டைஃபென்ஹைட்ரமின் கலந்த மாத்திரை. வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். அலமாரியில் லோப்ரஸர் என்று ஒரு பழைய பாட்டில், டோப்ரால் என்று மருத்துவமனை தந்த புதுப் பாட்டில். இரண்டுக்குள்ளும் இருப்பது மெட்டோப்ரோலால் என்ற ஒரே பிரஷர் மருந்துதான். இரண்டையும் சாப்பிடுகிறார். சமையலறையில் தேவாலயத்து இலவச உணவு விநியோகத்தில் கிடைத்த டப்பா சூப் அடுக்கி வைத்திருக்கிறது. டப்பா உணவில் உப்பு கொட்டிக் கிடக்கும். ‘உப்பைக் குறைக்கவும்’ என்று எழுதிய டாக்டருக்கு, இந்த அம்மாவுக்கு வேறு சாப்பாடு இல்லை என்பது தெரியாது.

கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு இதில் ஒன்றையாவது கண்டுபிடிக்க முடியுமா? கேட்டால் ‘எல்லா மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறேன்’ என்றுதான் சொல்வார். பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது. டாக்டர் முன்னால் எல்லோரும் சொல்கிற பதில் அது.

மேசைக்கு இந்தச் செய்திகள் வந்ததும் வேலை பிரிகிறது. மருந்தாளுநர் ஐபுப்ரோஃபெனையும் தூக்க மாத்திரையையும் இரட்டை மெட்டோப்ரோலாலையும் பிடித்துவிடுவார். பிசியோதெரபிஸ்ட் படிக்கு ஒரு கைப்பிடியும் முழங்காலுக்குப் பயிற்சியும் சொல்வார். கட்டில் பக்கத்தில் வைக்கும் கழிப்பறை நாற்காலிக்குச் சமூகப் பணியாளர் மனுப் போடுவார், உப்புக் குறைந்த சாப்பாடு வீடு தேடி வர ஏற்பாடு செய்வார், ஏழைகளுக்கான அரசு காப்பீடான மெடிகெய்டுக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பார். வெளியே போகும் நாளில் ஃபுரோசிமைடை வீடு திரும்பிய பிறகு போடலாமா என்று நர்ஸ் டாக்டரிடம் கேட்பார். டாக்டர் சம்மதிப்பார். இதில் எந்த இடத்திலும் புதிய மருந்தோ புதிய இயந்திரமோ இல்லை.

எண்கள்

முடிவுகள் 2007 டிசம்பரில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தன. இரண்டு ஆண்டுகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது, 1,000 பேருக்கு என்று கணக்கிட்டால், திட்டத்தில் இருந்தவர்களிடம் 1,445 தடவை, வழக்கமான சிகிச்சையில் 1,748 தடவை. ஆறில் ஒரு பங்கு குறைவு. பொது உடல்நலம், சுறுசுறுப்பு, மற்றவர்களோடு பழகுவது, மனநலம் ஆகிய நான்கு அளவுகோலிலும் திட்டத்தில் இருந்தவர்கள் மேல். தடுப்பூசி, விழுதல், மனச்சோர்வு போன்றவற்றில் செய்ய வேண்டியதைச் செய்த விகிதமும் அதிகம்.

இனி கசப்பான பக்கம். மருத்துவமனையில் அட்மிட் ஆனது 1,000 பேருக்கு 700, மறுபக்கம் 740. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆகவே கணக்கில் சேர்க்க முடியாது. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களைத் தானே செய்யும் திறனில் வித்தியாசம் இல்லை. இறப்பிலும் இல்லை. இரண்டு ஆண்டு, இத்தனை ஆட்கள், இத்தனை வருகை; மொத்தக் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவமனைப் படுக்கை மிச்சமாகவில்லை.

ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு கூட்டத்தைத் தனியாகக் குறித்து வைத்திருந்தார்கள். வயது, பால், தன் உடல்நலத்தைப் பற்றி அவரே சொல்வது, இதய நோய், சர்க்கரை, கடந்த ஆண்டில் மருத்துவமனையில் இருந்தாரா, எத்தனை தடவை டாக்டரைப் பார்த்தார், கவனிக்க ஆள் உண்டா என்ற எட்டுக் கேள்விகளை வைத்து, மறுபடி மறுபடி அட்மிட் ஆகும் வாய்ப்பை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அதில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் திட்டத்தில் 112 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 114 பேர். இவர்களிடம் இரண்டாம் ஆண்டில் அவசரப் பிரிவு வருகை 1,000 பேருக்கு 848, மறுபக்கம் 1,314. மருத்துவமனை அட்மிஷன் 396, மறுபக்கம் 705. ஏறக்குறைய 44 சதவீதம் குறைவு.

முடிவு தெரிந்த பிறகு சாதகமான கூட்டத்தைத் தேடிப் பிடிப்பது ஆய்வாளர்களின் பழைய தந்திரம். இங்கே முன்கூட்டியே வரையறுத்த கூட்டம் என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. எண்ணிக்கை சின்னது என்ற குறை இருக்கத்தான் செய்கிறது.

எதனால் இரண்டாம் ஆண்டில்? என் ஊகம் இது. முதல் ஆண்டில் வீட்டுக்கு வருபவர்கள் புதியவர்கள். போகப் போக மருந்துப் பை முழுவதும் வெளியே வரும், கசிவைப் பற்றிய பேச்சு வரும், ‘மூச்சு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது’ என்று ஆம்புலன்ஸுக்கு முன் அந்த நர்ஸுக்குப் போன் வரும். மேலும், தேடினால் கிடைக்கும் என்பதும் உண்மை. இவ்வளவு கவனமாகப் பார்த்தால் முதல் ஆண்டில் புதிதாகச் சில நோய்கள் கண்ணில் படும், அதற்கே சிலரை அட்மிட் செய்ய வேண்டிவரும்.

கேம்டன்: நல்ல எண்ணமும் குலுக்கலும்

கிரேஸை மட்டும் படித்துவிட்டு உற்சாகமாகிவிடக்கூடாது. நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டன் அமெரிக்காவின் மிக ஏழ்மையான நகரங்களில் ஒன்று. அங்கே ஜெஃப்ரி பிரென்னர் என்ற குடும்ப மருத்துவர் 2002இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வருபவர்களைத் தரவிலிருந்து கண்டுபிடித்து, டிஸ்சார்ஜ் ஆனதும் நர்ஸ், சமூகப் பணியாளர், உள்ளூர் சுகாதாரப் பணியாளர் கொண்ட குழு பின்தொடரும். வயதை மட்டும் பார்த்துச் சேர்ப்பதில்லை, முதியோரும் நடுவயதினரும் கலந்திருப்பார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்டது. பிரென்னருக்கு 2013இல் மெக்ஆர்தர் விருது கிடைத்தது.

பிறகு அந்தக் கூட்டமைப்பே துணிந்து தன்னைச் சோதனைக்கு உட்படுத்தியது. பொருளாதார அறிஞர் ஏமி ஃபிங்கல்ஸ்டைன் தலைமையிலான ஆய்வில் 800 நோயாளிகள், குலுக்கல் முறையில். முடிவு 2020 ஜனவரியில் வந்தது. 180 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆனவர்கள் திட்டத்தில் 62.3 சதவீதம், திட்டம் இல்லாதவர்களில் 61.7 சதவீதம். வித்தியாசம் பூஜ்யம்.

இதில் பயப்பட வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்தவர்களின் முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால், 38 சதவீதப் புள்ளி வீழ்ச்சி தெரிந்திருக்கும். பத்திரிகைக்குக் கொடுக்க அருமையான எண். ஆனால் எந்த உதவியும் பெறாத கூட்டத்திலும் கிட்டத்தட்ட அதே வீழ்ச்சி. ஒருவர் மிக மோசமாக இருக்கும் நேரத்தில் பிடித்தால், பலரும் அதற்குப் பிறகு தானாகவே சற்றுத் தேறுவார்கள். காய்ச்சல் உச்சத்தில் மந்திரிக்கப் போனால் மந்திரித்தவருக்குப் பெயர் கிடைக்கிற கதைதான். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ‘முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு’ என்று சொல்லும் எந்தத் திட்ட அறிக்கையையும் நான் இப்போது இரண்டு தடவை படிக்கிறேன்.

ஏன் கேம்டனில் எடுபடவில்லை? வீட்டு வருகை ஐந்து நாளுக்குள், டாக்டர் சந்திப்பு ஏழு நாளுக்குள் என்பது இலக்கு. இரண்டும் குறித்த நேரத்தில் கிடைத்தது 28 சதவீதம் பேருக்குத்தான். சிலருக்கு வீடே இல்லை, பலரைப் போனில் பிடிக்க முடியவில்லை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. இல்லாத வீட்டுக்கும் கிடைக்காத அப்பாயின்ட்மென்டுக்கும் எந்த ஒருங்கிணைப்பாளர் என்ன செய்வார்? இன்னொன்று காலம். கேம்டனில் குழுவின் உதவி சில மாதங்கள், விஷார்டில் இரண்டு ஆண்டுகள். விஷார்டில் கிளினிக், மருத்துவமனை, பதிவேடு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கேம்டன் குழு பல மருத்துவமனைகளின், பல கிளினிக்குகளின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

ஆனால் குறுகிய காலத் திட்டம் எதுவும் பலிக்காது என்றும் சொல்ல முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியர் பேராசிரியர் மேரி நெய்லர் ஃபிலடெல்பியாவில் செய்து 1999இல் வெளியிட்ட சோதனையில், உயர்பயிற்சி பெற்ற செவிலியர்கள் மருத்துவமனையிலேயே முதியவரைச் சந்தித்து, டிஸ்சார்ஜுக்குப் பின் நான்கு வாரம் வீட்டிலும் தொடர்ந்தார்கள். 24 வாரத்தில் ஒரு தடவையாவது மறுபடி அட்மிட் ஆனவர்கள் 20.3 சதவீதம்; ஒப்பீட்டுக் குழுவில் 37.1 சதவீதம். அங்கே செவிலியர் மருத்துவமனைக் கட்டில் அருகேயே அறிமுகமானவர். அவர்தான் வீட்டுக்கும் வந்தார்.

படைவீரர்கள்

கிரேஸை டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கென்றே அமைத்துப் பார்த்ததும் இண்டியானாபொலிஸில்தான், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில். மருத்துவமனையில் படுத்து வீடு திரும்பும் 65 வயது கடந்த வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். 2016இல் வெளிவந்த கணக்கின்படி, திட்டத்தில் இருந்த 179 பேரிடம், இல்லாதவர்களோடு ஒப்பிட, 30 நாளுக்குள் மறு அட்மிஷன் 14.8 சதவீதமும் மொத்த அட்மிஷன் 37.9 சதவீதமும் குறைவு. திட்டச் செலவு போக ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் டாலர் மிச்சம் என்று மதிப்பிட்டார்கள். இது குலுக்கல் முறைச் சோதனை இல்லை. கேம்டனைப் படித்துவிட்ட பிறகு இந்த எண்களை அதே உற்சாகத்தோடு வாசிக்க என்னால் முடியவில்லை. எனினும் முன்னால் பின்னால் என்று மட்டும் பார்க்காமல், பக்கத்தில் ஒரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

யார் பாக்கெட்டிலிருந்து

கிரேஸின் செலவுக் கணக்கு 2009இல் வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஆளுக்கு ஆன மொத்த மருத்துவச் செலவு, எல்லோரையும் சேர்த்தால், திட்டத்தில் 14,348 டாலர், வழக்கமான சிகிச்சையில் 11,834 டாலர். புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான் என்றாலும், திட்டம் மலிவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அபாயம் அதிகமுள்ளவர்களிடம் 17,713 டாலர், மறுபக்கம் 18,776 டாலர். திட்டத்துக்கும் தடுப்பு மருத்துவத்துக்கும் கூடுதலாகச் செலவானதை, குறைந்த மருத்துவமனைச் செலவு ஈடுகட்டிவிட்டது. திட்டம் முடிந்து, இருவரும் வருவதை நிறுத்திய மூன்றாம் ஆண்டில் இதே கூட்டத்துக்கு 5,088 டாலர், மறுபக்கம் 6,575 டாலர். ஆக, காசு மிச்சமாகத் தெரிந்தது வேலை முடிந்த பிறகுதான்.

இங்கே ஒரு சிக்கல். நர்ஸுக்கும் சமூகப் பணியாளருக்கும் சம்பளம் தருவது கிளினிக். அட்மிஷன் குறைந்தால் மிச்சப்படுவது மெடிகேர். மருத்துவமனைக்கோ படுக்கை காலியாவது வருமான இழப்பு. உதவி ஓரிடத்தில் விதைத்தால் அறுவடை வேறொருவர் களத்துக்குப் போகிறது. படைவீரர் மருத்துவமனைக்கு இந்தத் தொல்லை இல்லை. செலவும் மிச்சமும் ஒரே அரசுத் துறைக்குள். ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் வாங்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக பில் போடும் இடத்தில், வீட்டில் போய் மாடிப்படியைப் பார்த்ததற்கு எந்த பில் போடுவது?

மெடிகேர் இதற்கு இரண்டு வழியில் பதில் சொன்னது. 2012 அக்டோபர் முதல், சில நோய்களுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாக மறு அட்மிஷன் நடக்கும் மருத்துவமனைகளுக்கு அபராதம். மெடிகேர் தரும் பணத்தில் முதலில் அதிகபட்சம் 1 சதவீதம், பிறகு 3 சதவீதம். 2013 ஜனவரி முதல், டிஸ்சார்ஜ் ஆனவரை இரண்டு வேலை நாளுக்குள் தொடர்புகொண்டு, ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ நேரில் பார்க்கும் டாக்டருக்குத் தனிக் கட்டணம். அபராதம் டிஸ்சார்ஜுக்குப் பின் 30 நாளைப் பார்க்கிறது. அந்தக் கட்டணமும் 30 நாளுக்கானதுதான். விஷார்டின் அந்த 112 பேரிடம் அட்மிஷன் குறைந்தது பதின்மூன்றாம் மாதத்திலிருந்து.